எட்டாம் சேனலின் நேயர்

தபால் விஷயத்தில் என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் என் சொந்த வண்டியில் தபால் போடுகிறேன். மொன்டானாவின் பனி, வசந்த காலச் சேறு, ஒரு தடவை கரடி, எதுவும் என்னை நிறுத்தியதில்லை. ஆனால் அந்த வருஷம் செப்டம்பர் இருபதாம் தேதி ஒரு கடிதத்தை வந்த அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன் பாருங்கள், அதற்காக வெர்ன் ஹால்வர்சன் என்னோடு நாலு நாள் பேசவில்லை. கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

வெர்ன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அவனும் அவன் மனைவி டெல்ஃபாவும் பள்ளத்தாக்கின் கடைசி முனையில் மாடு வளர்க்கிறார்கள். ஒரே மகள் ரோனா, ஒஹையோவில் ஒரு செருப்புக் கடையில் மேலாளர். ஆகஸ்டில் ரோனா போன் பண்ணினாள். நியூயார்க்கில் நடந்த ஒரு வினாடி வினாப் போட்டியில் கலந்துகொண்டாளாம். படப்பதிவு முடிந்துவிட்டதாம். நவம்பர் பதினாறு, வியாழக்கிழமை எட்டு மணிக்கு நாடு முழுக்கக் காட்டுவார்களாம். ஜெயித்தாளா தோற்றாளா என்று அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களாம்.

"யார்கிட்டயும்னா ஊர்ல இருக்கிறவங்ககிட்டடி. பெத்தவகிட்டயுமா?" என்று டெல்ஃபா கேட்டாள்.

"அம்மா, உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதான்," என்றாள் ரோனா. அதுவும் உண்மைதான். ஏனென்றால் டெல்ஃபா இதையெல்லாம் மறுநாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பள்ளத்தாக்கில் டிவி தெரியாது. எட்டாம் சேனலின் நிலையம் அறுபது மைல் தள்ளி டெக்கர் நகரத்தில் இருக்கிறது. நடுவில் மலை. ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளைப் புள்ளிகள்தான் கொட்டும். நகரத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், ஜூலை மாசம் ஒரு கிடேரி இடித்துத் தள்ளி டெல்ஃபாவின் இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. கிறிஸ்துமஸ் வரை எந்த வண்டியிலும் ஏறக்கூடாது, இந்தக் கல் ரோட்டில் ஒரு மைல் போனாலும் வைத்த ஆணி கழன்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டேப்பில் பிடித்து அனுப்புகிறேன் என்றாள் ரோனா. டெல்ஃபா ஒத்துக்கொள்ளவில்லை.

"நாடே பார்த்து, கைதட்டி, பாத்திரம் கழுவிட்டுப் படுத்ததுக்கு அப்புறம் எனக்கு மிச்சத்தை அனுப்புவாளா? அவ முகத்தை ஊர் பார்க்கிற அதே நேரத்துல நான் பார்க்கணும். பார்த்துட்டுச் செத்தாலும் சரி."

"இடுப்புக்கெல்லாம் யாரும் சாகறதில்ல, டெல்ஃபா," என்றான் வெர்ன்.

"நீ பேசாம டிஷ்ஷுக்கு ஏற்பாடு பண்ணு."

சின்ன டிஷ் வந்த புதுசு அது. வெர்ன் ஒன்று வாங்கிக் கூரையில் மாட்டினான். நூற்றி இருபது சேனல் வந்தது. மீன் பிடிக்க ஒன்று, மோதிரம் விற்க ஒன்று, இருபத்துநாலு மணி நேரமும் கோல்ஃப் பந்து உருள ஒன்று. நாடே பார்க்கிற பெரிய சேனல்கள் மட்டும் இல்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. பெரிய சேனலை அவரவர் உள்ளூர் நிலையத்திடமிருந்துதான் வாங்கிப் பார்க்க வேண்டும். உள்ளூர் நிலையம் வீட்டுக்கு எட்டவில்லை என்றால், நியூயார்க்கிலிருந்து வருவதை டிஷ்ஷில் பார்க்கலாம், அனுமதி வாங்கி. யாருடைய அனுமதி? அந்த எட்டாத உள்ளூர் நிலையத்தின் அனுமதி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள். இங்கே பூசாரி அறுபது மைல் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

வெர்ன் டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டான். நாற்பது நிமிஷம் வயலின் வாசித்துக் காட்டினார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தாள்.

"கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன் சார். உங்க வீடு சேவை பெற்ற வீடு."

"யாரும்மா சேவை செஞ்சது?"

"எட்டாம் சேனல் சார்."

"எங்க வீட்டுல எட்டாம் சேனல் தெரியாதும்மா."

"தெரியுது சார். இங்க மேப்புல உங்க வீடு பச்சைக் கலர்ல இருக்கு."

"நடுவுல ஒரு மலை இருக்கேம்மா."

டக் டக்கென்று தட்டும் சத்தம். "எங்ககிட்ட மலை எதுவும் பதிவாகல சார். நீங்க விலக்குக் கேட்டு விண்ணப்பம் போடுங்க. நாங்க நிலையத்துக்கு அனுப்புவோம். முப்பது நாளைக்குள்ள அவங்க பதில் உங்க கைக்கு வரலைன்னா, விலக்குக் கிடைச்சதா அர்த்தம். உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

விண்ணப்பம் ஆகஸ்ட் இருபத்தியோராம் தேதி போனது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நான் வரும்போது வெர்ன் தபால் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பான். எதுவும் இல்லை என்றால் அவன் முகம் மலரும். கடிதம் வராததற்காக என்னைப் பார்த்துச் சிரித்த ஒரே மனுஷன் அவன்தான். இருபத்தெட்டாம் நாள் எனக்கு ஒரு ஜாடி ஜாம் கொடுத்தான். இருபத்தொன்பதாம் நாள் டெல்ஃபா ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள்.

முப்பதாம் நாள் கடிதம் வந்தது. பெட்டியில் போடாமல் அவன் கையிலேயே கொடுத்தேன். பிரித்து, கண்ணாடி இல்லாததால் என்னையே படிக்கச் சொன்னான்.

"அன்புள்ள நேயரே! எங்கள் கணிப்பின்படி தாங்கள் எட்டாம் சேனலைத் தெளிவாகக் கண்டு மகிழ்ந்து வருகிறீர்கள். ஆகவே தங்கள் விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. தொடர்ந்து கண்டு மகிழுங்கள். இப்படிக்கு, லோவெல் பிரிட்சர்ட், பொது மேலாளர்."

வெர்ன் கடிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"இதை நாளைக்குக் கொண்டுவந்திருந்தா என்ன, மேவிஸ்?"

"தபாலைப் பிடிச்சு வச்சா ஜெயில்யா."

"ஒரே ஒரு நாள்! வழியில டயர் பஞ்சர்னு சொல்லக்கூடாதா?"

"இருபத்திரண்டு வருஷத்துல எனக்குப் பஞ்சர் ஆனதே இல்லை," என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. சொல்லி முடித்து வண்டியைக் கிளப்பி அரை மைல் போன பிறகுதான், என்னைப் போல ஒரு முட்டாள் இந்த மாகாணத்திலேயே இல்லை என்று தோன்றியது.

அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமல், என் விடுமுறை நாளில் வெர்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு டெக்கர் நகரத்துக்குப் போனேன். நேரில் கேட்டால் மனசு இறங்கும் என்று நம்பினோம். எங்களைச் சொல்லணும்.

நிலையத்தின் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. 'உங்கள் வீட்டில் ஒருவர்' என்று எழுதியிருந்தது. மேலாளர் பிரிட்சர்ட் எங்களை எழுந்து நின்று வரவேற்றார். பளபளவென்று சவரம் செய்த முகம், அதற்குக் கீழே மஞ்சள் டை. வெர்னின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"எங்க நேயரை நேர்ல பார்க்கிறதுல எனக்கு இருக்கிற சந்தோஷம் இருக்கே!"

"சார், நான் உங்களை ஒருநாளும் பார்த்ததில்லையே," என்றான் வெர்ன்.

"அது உங்க தனிப்பட்ட விஷயம். நாங்க அதுல தலையிடறதில்லை." உட்காரச் சொன்னார். "பாருங்க, எங்களுக்குப் பதினோராயிரத்து நானூத்திப் பன்னிரண்டு வீடு. விளம்பரம் கொடுக்கிறவங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கோம். அதுல நீங்க ஒருத்தர். இன்னைக்கு உங்களை விட்டுக்கொடுத்தா நாளைக்கு நானூத்திப் பதினொண்ணு. நீங்க இல்லைன்னு நான் எந்த வாயால சொல்றது? இருக்கிற மனுஷனை இல்லைன்னு சொல்றது பாவம் இல்லையா?"

"எங்க வீட்டுல படமே தெரியலையே சார்."

"படம்!" என்றார், ஏதோ அசிங்கமான வார்த்தையைக் கேட்டவர் போல. "ஒரு நிலையம்னா வெறும் படம்தானா? நாங்க இந்த வட்டாரத்தோட இதயத் துடிப்பு. வெள்ளம் வந்தா நியூயார்க்காரன் உங்களுக்குச் சொல்லுவானா?"

"மூணு வருஷம் முன்னாடி எங்களுக்கு வெள்ளம் வந்துது சார். பதினெட்டு மாடு போச்சு."

"நாங்க சொன்னோமே! ராத்திரி முழுக்கச் சொன்னோம். நான் தூங்கவே இல்லை. அதுக்கு விருதுகூடக் கிடைச்சுது." சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார். "நீங்க கேட்கலைன்னா அதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது."

நான் பொறுக்க முடியாமல், "அந்த ஒரு சாயங்காலம் இவங்க மகளை மட்டும் பார்க்க அனுமதி கொடுங்களேன்," என்றேன். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"நம்ம வட்டாரப் பொண்ணு! அவளை நியூயார்க் வழியா பார்க்கிறதா? அதை எப்படி நான் அனுமதிப்பேன்? அவளை நாங்கதான் காட்டுவோம். பெருமையோட காட்டுவோம். நீங்க வீட்டுல உட்கார்ந்து எட்டாம் சேனலைப் போடுங்க, போதும்."

வெளியே வந்ததும் வெர்ன் என்னிடம் கேட்டான். "அவர் பேசினதுல ஒண்ணுகூடத் தப்பு மாதிரித் தெரியலையே, மேவிஸ். அப்புறம் ஏன் எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு?" பசியாக இருக்கும் என்று ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

விலக்கு மறுக்கப்பட்டால், வீட்டுக்கு வருகிற அலையின் வீச்சை அளந்து பார்க்கச் சொல்லலாம். இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிற ஒரு ஆள் வந்து அளப்பார். அக்டோபர் ஒன்பதாம் தேதி ஒரு வேனில் ஓடம் என்று ஒருவர் வந்து இறங்கினார். மெலிந்த, நேர்மையான மனுஷர். காப்பிகூட வேண்டாம் என்றார், குடித்தால் ஒரு தரப்புக்குச் சாய்ந்ததாகிவிடுமாம்.

"மாடி இருக்கா?" என்று முதலில் கேட்டார்.

"பரண் இருக்கு. வைக்கோலும் எலியும்."

"ஜன்னல் இருக்கா அதுல?"

"இருக்கு."

"அப்போ மாடி வீடு. கம்பத்தை முப்பது அடி ஏத்தணும். மாடி இல்லாத வீடுன்னா இருபது அடிதான்." வேனிலிருந்து கம்பத்தை எடுத்து ஒவ்வொரு முழமாக ஏற்றினார். எங்கள் ஆண்டெனா பன்னிரண்டு அடியில்தான் இருக்கிறது என்று வெர்ன் சொல்லிப் பார்த்தான். முப்பது அடியில் உட்கார்ந்து டிவி பார்க்க அவன் கழுகா? ஓடம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஐந்து இடத்தில் அளந்தார். ஐம்பத்தி ஆறு வந்தால் சேவை பெற்ற வீடு, அதற்குக் கீழே வந்தால் பெறாத வீடு. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தி மூன்று, ஐம்பத்தி எட்டு, ஐம்பத்தி ஏழு வந்தது. ஐந்தாவதுக்கு டெல்ஃபா ஜன்னலில் கையைக் கூப்பி வேண்டிக்கொண்டாள். ஐம்பத்தி ஆறு.

"நடுவுல வர்ற எண்ணைத்தான் எடுக்கணும். ஐம்பத்தி ஆறு. நீங்க சேவை பெற்றவர்," என்றார் ஓடம்.

வெர்ன் வீட்டுக்குள் ஓடி டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் கம்பத்து ஒயரையே அதில் செருகச் சொன்னான். முப்பது அடியில் வெள்ளைப் புள்ளிகள் கொஞ்சம் குறைந்தன. அதற்குள் ஒரு மனுஷர் தெரிந்தார். அவருக்கு மூன்று தலை இருந்தது. மூன்றும் வானிலை அறிக்கை வாசித்தன.

"பாருங்க சார்! நீங்களே பாருங்க!"

ஓடம் திரும்பி நின்றுகொண்டார். "படம் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. நான் வீச்சை அளக்கிறவன். வீச்சு வந்திருக்கு. படம் இல்லாம வந்திருந்தா அது வீச்சோட குத்தம் இல்லை."

"மூணு தலை வருதே சார்!"

"மலையில பட்டுத் திரும்பித் திரும்பி வருது. மத்த வீட்டுக்கெல்லாம் ஒரு தடவைதான் சேவை. உங்களுக்கு மூணு தடவை." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "மனுஷனா சொல்றேன், மிஸ்டர் ஹால்வர்சன். என் வீட்டுலயும் இதே கதிதான். நானே என் வீட்டை அளந்தேன். சேவை பெற்ற வீடுன்னு நானே எழுதினேன். என் பொண்டாட்டி ஒரு வாரம் சோறு போடலை."

அன்று சாயங்காலம் டெல்ஃபா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கத்தியிருந்தால்கூட வெர்ன் தாங்கியிருப்பான். அவள் கத்தவில்லை. அவன் சமையலறையில் உட்கார்ந்து, விடிந்ததும் டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டான். அனுமதி கேட்கக்கூட இல்லை, சும்மா திட்டுவதற்குத்தான் போட்டான். வயலின் முடிந்து ஒரு ஆண் குரல் வந்தது. திட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த ஆள் சொன்னான்:

"சார், உங்க பிரச்சனை வீடு. வீடு இருக்கிறதாலதான் இவ்வளவு தொல்லை. உங்ககிட்ட படுக்கை, அடுப்போட இழுத்துட்டுப் போற கேம்பர் வண்டி ஏதாவது இருக்கா?"

"எதுக்கு?"

"பயண வண்டியில இருக்கிறவங்களுக்கு இந்தச் சட்டமே கிடையாது. மேப் இல்லை, அளவு இல்லை, நிலையத்துக்கிட்ட கேட்க வேண்டியதும் இல்லை. டிஷ்ஷை வண்டியில நிரந்தரமா பொருத்தியிருக்கேன்னு ஒரு உறுதிமொழி, வண்டிப் பதிவோட நகல். ரெண்டும் அனுப்புங்க."

வெர்னிடம் ஒரு கேம்பர் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கட்டைகள் மேல் நிற்கிறது. பதினோரு வருஷமாக அதில் கோழிகள் குடியிருந்தன.

கோழிகளைக் காலி செய்ய இரண்டு நாள் ஆனது. ஒரு கிழட்டுச் சிவப்புக் கோழி மட்டும் போக மறுத்துவிட்டது. அடுப்பங்கரை அலமாரியில் அடை உட்கார்ந்திருந்தது, அது கொத்தினால் ரத்தம் வரும். விட்டுவிட்டோம். நாலு டயர் கடன் வாங்கி மாட்டி, கூரையிலிருந்த டிஷ்ஷைக் கழற்றி வண்டி மேல் பொருத்தி, வட்டாரப் பதிவு அலுவலகத்தில் வெர்ன் நம்பர் தகடு வாங்கினான். பயண நோக்கம் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்தது. 'உல்லாசம்' என்று எழுதினான்.

டெல்ஃபாவைப் படுக்கையை விட்டு எழுப்ப வேண்டாம், வண்டியை ஜன்னலோரம் நிறுத்தி டிவியை வீட்டுப் பக்கம் திருப்பிவிடலாம் என்பது வெர்னின் திட்டம். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் இருந்து பார்த்தால் அது வீட்டுப் பார்வை, வீடோ சேவை பெற்ற வீடு. வீட்டிலிருந்து வண்டிக்கு எந்த ஒயரும் போகக்கூடாது. போனால் வண்டி வீட்டோடு சேர்ந்துவிடும். சரி, மின்சாரத்துக்கு டிராக்டர் பேட்டரி.

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், எட்டாம் சேனலுக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. பிரிட்சர்ட்டிடமிருந்து கடிதம். அதையும் நான்தான் கொண்டுவந்தேன். 'நகராத வண்டி வீடாகவே கருதப்படும். தங்கள் வண்டி நகர்கிறது என்பதற்கு வாராவாரம் சாட்சியோடு பதிவேடு வைத்து எங்களுக்கு அனுப்பவும். நேயர் நலனே எங்கள் நலன்.'

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் தபாலோடு வரும்போது, வெர்ன் கேம்பரை டிராக்டரில் கட்டிக் கொட்டகையின் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கம் இழுப்பான். அடுத்த செவ்வாய் திரும்ப மேற்கே. நான் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். 'புறப்பட்ட இடம்: கொட்டகை மேற்கு. சேர்ந்த இடம்: கொட்டகை கிழக்கு. தூரம்: நாற்பது கஜம். பயணிகள்: ஒருவர், கோழி ஒன்று.' அரசாங்க ஊழியர் கையெழுத்து என்பதால் எடுபட்டது. நவம்பர் பதினாலாம் தேதி டிஷ் கம்பெனி நியூயார்க் சேனலைத் திறந்துவிட்டது. வெர்ன் முற்றத்தில் நின்று தொப்பியை வானத்தில் வீசினான். ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவன் குதித்து நான் பார்த்ததில்லை.

பதினாறாம் தேதி காலையிலிருந்து பனி. நான் தபால் வேலையை முடித்துவிட்டு ஐந்தரைக்கு ஒரு சட்டி மான்கறியோடு போய்ச் சேர்ந்தேன். டெல்ஃபா சமையலறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க முடி சுருட்டும் குழல்கள்.

"கோழிக்கூண்டுக்குள்ள போறதுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்றேன்.

"என் மக முகத்தைப் பார்க்கப் போறேன். கூண்டா இருந்தா என்ன, குகையா இருந்தா என்ன? ஏழு மணிக்குள்ள தலை காஞ்சிடும்."

"டாக்டர் வண்டியில ஏறக்கூடாதுன்னாரே?"

"அவர் ஓடுற வண்டியைச் சொன்னார். இது நிக்கிற வண்டி."

"நிக்கிற வண்டின்னு வெளியே சொல்லித் தொலைக்காதே," என்று வெர்ன் பதறினான். ஆறு மணிக்கே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், கடிகாரத்தைப் பார்த்தான், என் கடிகாரத்தையும் பார்த்தான். கடைசியில், சமையலறை ஜன்னலுக்கு எதிரே முற்றத்தில் இழுத்து நிறுத்தியிருந்த கேம்பரில் படம் சரியா வருதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான்.

போனவன் தொப்பி இல்லாமல் ஓடி வந்தான்.

"அவ இருக்கா!"

"யாரு?"

"ரோனா! டிவியில! இப்பவே! பாதிக்கு மேல போயிடுச்சு!"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கிழக்கே எட்டு மணி நிகழ்ச்சி என்றால் எங்கள் பக்கம் ஏழு மணி. பேப்பரில் அப்படித்தான் போடுவார்கள். உள்ளூர் நிலையம் ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருந்து ஏழுக்குப் போடும், அதனால் ஏழு. ஆனால் நாங்கள் இப்போது பார்ப்பது நியூயார்க்கின் சேனல். நியூயார்க்கில் எட்டு அடித்தால் எங்கள் கடிகாரத்தில் ஆறு. மூன்று மாதம் மலையோடும் மேப்போடும் மல்லுக்கட்டிய மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"தள்ளுங்கடா என்னை!" என்று டெல்ஃபா அலறினாள்.

சக்கர நாற்காலி வாசலைத் தாண்டி ஒரு முழம் போனதும் பனியில் புதைந்துகொண்டது. வெர்ன் கொட்டகைக்கு ஓடி, பிறந்த கன்றுகளை இழுத்து வருகிற சறுக்குப் பலகையைக் கொண்டுவந்தான். டெல்ஃபாவை அதில் கிடத்தி, போர்வையைச் சுற்றி, நான் பின்னால் தள்ள அவன் முன்னால் கயிற்றை இழுத்தான். குழல் ஒவ்வொன்றாக அவிழ்ந்து பனியில் விழுந்துகொண்டே வந்தது.

"மெதுவா வெர்ன், ஆணி!" என்றேன்.

"ஆணி கிடக்கட்டும்! சீக்கிரம்டா!" என்றாள் அவள்.

கேம்பரின் படியில் ஏற்ற டிராக்டரின் பாரம் தூக்கும் கை வேண்டும். டிராக்டரை நகர்த்தினால் பேட்டரி ஒயர் கழன்று டிவி அணைந்துவிடும். வெர்ன் தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, குறுகலான வாசலில் அவளைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே செருகினோம். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மாகாணத்தில் இருக்கிற எல்லா அதிகாரிகளையும் பெயர் சொல்லித் திட்டினாள். அலமாரியிலிருந்து சிவப்புக் கோழி பதிலுக்குக் கத்தியது.

தரையில் மெத்தையைப் போட்டுப் படுக்க வைத்தோம். எதிரே, ஒரே ஒரு தலையோடு, தண்ணீர் போலத் தெளிவாக, ரோனா. நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"இளைச்சுட்டாளே," என்றாள் டெல்ஃபா.

போட்டி நடத்துகிறவர் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டிருந்தார். ரோனா ஏற்கெனவே என்னென்ன பதில் சொன்னாள், எத்தனை பேரைத் தோற்கடித்தாள், எதுவும் எங்களுக்குத் தெரியாது. கேள்வி, எழுபதுகளில் நாடே பார்த்துச் சிரித்த ஒரு டிவி தொடரைப் பற்றியது. அதில் வருகிற பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன?

ரோனா கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியலை சார்."

"இது குழந்தைக்குக்கூடத் தெரியுமே! ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா?"

"எங்க வீட்டுல டிவி தெரியாது சார்."

அரங்கமே சிரித்தது. மணி அடித்தது. அவள் தோற்றுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் தோளில் கையை வைத்தார். "அது அந்தக் காலம். இப்ப வீட்டுல அம்மா அப்பா எல்லாம் பார்த்துட்டு இருப்பாங்கல்ல? அவங்களுக்கு ஒரு ஹலோ சொல்லிடுங்க."

ரோனா கேமராவைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். "இல்லை சார். இப்பவும் தெரியாது. அவங்க பார்க்க மாட்டாங்க. அம்மா மட்டுமாவது பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"பார்த்துட்டுத்தான்டி இருக்கேன்!" டெல்ஃபா படுத்தபடியே கையை ஓங்கி டிவியை அடித்தாள். "ரோனா! இங்க பாருடி! இங்கதான் இருக்கேன்!"

ரோனா போய்விட்டாள். ஒரு லாரி மலை ஏறுகிற விளம்பரம் வந்தது.

டெல்ஃபாவுக்கு மூச்சு வாங்கியது. "போனை எடுத்துட்டு வா."

வெர்ன் கைகளைப் பிசைந்தான். "வீட்டுல இருந்து ஒயர் வந்தா வண்டி வீட்டோட சேர்ந்துடும், டெல்ஃபா. பிரிட்சர்ட்டுக்குத் தெரிஞ்சா..."

"வெர்ன் ஹால்வர்சன், போனை எடுத்துட்டு வா."

சமையலறை ஜன்னலைத் திறந்து, சுருள் ஒயரை இருக்கிற நீளமெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தான். கேம்பர் வாசல் வரைக்கும்தான் எட்டியது. டெல்ஃபா தரையில் இழுத்து இழுத்து வாசல் பக்கம் தலையை வைத்துக்கொண்டாள். முகத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது. ஒஹையோவில் முதல் மணியிலேயே ரோனா எடுத்தாள்.

"ஏன்டி பார்க்க மாட்டாங்கன்னு சொன்னே?" என்றாள் டெல்ஃபா.

பதிலுக்குக் காத்திராமல் அவளே மேலே பேசினாள்.

"நீல ஸ்வெட்டர் போட்டிருந்தே. இளைச்சுப் போயிருக்கே. சாப்பிடறியா இல்லையா?"

"அம்மா?" ரோனாவின் குரல் உடைந்தது, வாசலில் நின்ற எனக்கே கேட்டது. "எப்படிம்மா? வீட்டுலதான் வராதே?"

"நாங்க வீட்டுல இல்லடி. இப்ப வண்டியில இருக்கோம். அதெல்லாம் அப்புறம் சொல்றேன்."

"அய்யோ. அப்போ நான் தோத்ததைப் பார்த்துட்டீங்களா?"

டெல்ஃபா கண்ணைத் துடைத்தாள். குழல் அவிழ்ந்த பாதித் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அதை மட்டும்தான்டி பார்த்தோம்," என்றாள்.